எஞ்சின் இல்லாமல் கடல் தாண்டியவர்

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை

நண்பர்களே! மத்தியானம் ஒர்க்ஷாப் முடிந்து வெளியே வரும்போது எப்போதாவது தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்ததுண்டா? உச்சி வெயிலில் ஒரு பருந்து வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். இறக்கையை ஒரு தடவைகூட அடிக்காது. ஆனாலும் கீழே விழாது. கொஞ்சம் கொஞ்சமாக மேலேதான் போகும். கடைசியில் ஒரு புள்ளியாகி மறைந்துவிடும்.

அப்ளைடு மெக்கானிக்ஸ் படித்த நமக்கு இது மனசை உறுத்த வேண்டாமா? எடை இருக்கிறது. புவியீர்ப்பு இருக்கிறது. உயரம் கூடினால் நிலையாற்றல் கூடுகிறது. அந்த ஆற்றலை யார் கொடுத்தது? பருந்து கொடுக்கவில்லை. அது சும்மா இறக்கையை விரித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கொடுத்தது காற்று. வெயிலில் சூடாகி மேலே எழும்பும் காற்றுக்குள் அது வட்டம் போடுகிறது. காற்று ஏறுகிற வேகம், பருந்து இறங்குகிற வேகத்தைவிட அதிகம். கணக்கு முடிந்தது!

இந்தக் கணக்கை மனிதனும் போட முடியும் என்று காட்டிய சிலரில் முன்வரிசையில் நிற்பவர் ராபர்ட் குரோன்ஃபெல்ட். எஞ்சின் இல்லாத விமானத்தில், அதாவது கிளைடரில், உலகில் முதல் முதலாக 100 கிலோமீட்டர் தாண்டிப் பறந்தவர். ஒரே நாளில் ஆங்கிலக் கால்வாயைப் போகவும் வரவும் கடந்தவர். ஒரு காலத்தில் ஐரோப்பாப் பத்திரிகைகள் எல்லாம் கொண்டாடிய ஆள். இன்று நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? ரைட் சகோதரர்களைத் தெரியும். லிண்ட்பெர்க்கைத் தெரியும். இவரைத் தெரியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எஞ்சினுக்குத் தடை, காற்றுக்கு இல்லை

குரோன்ஃபெல்ட் பிறந்தது 1904 மே 5 அன்று, ஆஸ்திரியாவில். யூதர். அவர் வாலிபராக வளர்ந்த காலம் முதல் உலகப்போர் முடிந்திருந்த காலம். தோற்ற ஜெர்மனியின் மீது வெர்சேல்ஸ் ஒப்பந்தம் பல கட்டுப்பாடுகளை விதித்திருந்தது. விமானப்படை கூடாது. எஞ்சின் விமானம் கட்டுவதிலும் ஏகப்பட்ட தடைகள்.

விமானம் என்றால் உயிரை விடும் இளைஞர்கள் சும்மா இருப்பார்களா? எஞ்சின்தானே கூடாது, காற்றை யார் தடுப்பது என்று கிளம்பிவிட்டார்கள். ஜெர்மனியின் நடுவில் ரோன் என்று ஒரு மலைப்பகுதி. அதில் வாஸர்குப்பே என்ற சிகரம், சுமார் 950 மீட்டர் உயரம். மரமில்லாத மொட்டைப் புல்வெளி. 1920 இல் அங்கே முதல் கிளைடர் போட்டி நடந்தது. கையில் காசில்லாத கல்லூரி மாணவர்கள் மரச்சட்டத்தையும் துணியையும் வைத்துத் தாங்களே கட்டிய கிளைடர்களைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தார்கள்.

ஆரம்பத்தில் நிமிடக் கணக்கு. 1922 இல் மணிக்கணக்கு. மலைச்சரிவில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்புகிறது அல்லவா, அந்தப் பட்டைக்குள் முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருந்தால் காற்று அடிக்கும்வரை மேலேயே நிற்கலாம் என்று கண்டுகொண்டார்கள். ஆனால் இதில் ஒரு சிக்கல். மலையை விட்டு நகர்ந்தால் கதை முடிந்தது. கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி அந்தச் சரிவையே சுற்றிச் சுற்றி வரவேண்டும். ஊர்விட்டு ஊர் போக முடியாது.

1926 இல் மாக்ஸ் கேகல் என்பவரை ஓர் இடிமேகம் உள்ளே இழுத்துத் தூக்கி, 55 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டது. அவர் திட்டம் போட்டுச் செய்த காரியமில்லை. ஆனால் மலையை விட்டாலும் வானத்தில் மேலேறும் காற்று உண்டு என்பது அதோடு எல்லோருக்கும் புரிந்துபோனது. அதை எப்படித் தேடுவது? கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படிப் பிடிப்பது?

தெர்மாஸ் பிளாஸ்க் ரகசியம்

இங்கேதான் நம் ஆள் உள்ளே வருகிறார். 1928 ரோன் போட்டிக்கு வந்தபோது குரோன்ஃபெல்டுக்கு வயது 24. அவர் ஓட்டிய கிளைடரில் மற்றவர்களிடம் இல்லாத ஒரு கருவி இருந்தது. வேரியோமீட்டர். கிளைடர் வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் லிப்பிஷும் அவரும் இதை முதலில் வெளியே சொல்லாமல் ரகசியமாகவே வைத்திருந்தார்கள்.

அது என்ன செய்கிறது? ஏறுகிறோமா இறங்குகிறோமா, என்ன வேகத்தில் என்று காட்டுகிறது. இதற்கு ஒரு கருவியா என்று கேட்காதீர்கள். லிஃப்டில் போயிருப்பீர்கள். கிளம்பும்போதும் நிற்கும்போதும் வயிற்றில் ஒரு மாதிரி இருக்கும். நடுவில் ஒரே வேகத்தில் போகும்போது ஒன்றும் தெரியாது. நம் உடம்புக்கு முடுக்கம்தான் தெரியும், வேகம் தெரியாது. வானத்தில் ஆயிரம் மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருப்பவன் நொடிக்கு அரை மீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் அவனுக்கு ஒன்றுதான். அந்த அரை மீட்டர்தான் அவன் தலையெழுத்து!

கருவியின் வேலை ரொம்ப எளிது. வெப்பம் கடத்தாத ஒரு குடுவை. நாம் டீ ஊற்றிவைக்கும் தெர்மாஸ் பிளாஸ்க்தான். அதன் வாயிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அளவுகருவி வழியாக வெளிக்காற்றோடு சேர்கிறது. மேலே ஏறினால் வெளியே காற்றழுத்தம் குறையும். தரைக்கு அருகில் எட்டு ஒன்பது மீட்டருக்கு ஒரு மில்லிபார் அளவு. உடனே குடுவைக்குள் இருக்கும் காற்று வெளியே ஓடும். இறங்கினால் வெளிக்காற்று உள்ளே ஓடும். எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு தூரம் முள் நகரும். சாதாரண பாட்டில் போதாதா? போதாது. வெயில் பட்டு உள்ளே இருக்கும் காற்று சூடானால் அதுவும் விரிந்து வெளியே ஓடி முள்ளை ஏமாற்றிவிடும். அதனால்தான் தெர்மாஸ்.

அந்த வருடப் போட்டியில் குரோன்ஃபெல்ட் மலைச்சரிவை விட்டுவிட்டு ஒரு பஞ்சுமேகத்தை நோக்கிப் போனார். பார்த்தவர்களுக்கு இது தற்கொலை மாதிரி தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பஞ்சுமேகம் என்பதே சூடான காற்று மேலே ஏறிக் குளிர்ந்த இடத்தின் அடையாளம். அதன் அடியில் போனால் அந்தக் காற்று கிடைக்கும். முள்ளைப் பார்த்துப் பார்த்து உயரம் சேர்த்தார். அடுத்த மலைக்குப் போனார், திரும்பியும் வந்தார். கட்டுக்கயிறு அறுந்தது. அன்றிலிருந்து கிளைடர் ஓட்டுவது என்பது மலையோரம் மிதக்கும் விளையாட்டு இல்லை. ஊர் தாண்டும் பயணம்.

நூறைத் தாண்டிய மே மாதம்

ஒரு ஜெர்மன் பத்திரிகை 100 கிலோமீட்டர் பறப்பவருக்கு 5,000 மார்க் பரிசு அறிவித்திருந்தது. அன்றைய நிலையில் அது யாரும் வாங்கமாட்டார்கள் என்று நினைத்து அறிவித்த பரிசு மாதிரிதான். 1929 மே மாதம், மேற்கு ஜெர்மனியில் டாய்டோபர்க் காட்டுமலை. நீளமான, ஒல்லியான மலைத்தொடர். அதன் ஓரமாகவே பறந்து, இடையில் மலை அறுந்த இடங்களைத் தாண்டி, 102 கிலோமீட்டர் போய் இறங்கினார் குரோன்ஃபெல்ட். வயது 25.

அவர் ஓட்டிய கிளைடர் லிப்பிஷ் வடிவமைத்தது. இறக்கை நுனியிலிருந்து நுனிவரை சுமார் 19 மீட்டர். நீளமான ஒல்லி இறக்கை. ஏன் அப்படி? இறக்கையின் நுனியில் காற்று சுழன்று வீணாகும் ஆற்றல், நீளம் கூடக்கூடக் குறைகிறது. பருந்துக்கும் கடற்பறவைக்கும் இயற்கை கொடுத்த பாடம் இது. அந்தக் கிளைடருக்கு அவர் வைத்த பெயர் வீன். வியன்னா நகரத்தை அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். தன் நாட்டுத் தலைநகரின் பெயரையே இறக்கையில் சுமந்துகொண்டு பறந்த மனிதர். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே கோடையில் ரோன் மலையில் இடிமேக முகப்பு ஒன்றின் முன்னால் ஏறிப் பறந்தார். தூரம் சுமார் 150 கிலோமீட்டர், உயரம் 2,500 மீட்டருக்கு மேல். இரண்டுமே அன்றைக்கு உலகம் காணாதவை.

கடலோரக் குன்றுகளில் ஒரு ஜூன்

1929 கடைசியில்தான் இங்கிலாந்தில் கிளைடர் சங்கம் பிறந்தது. ஆர்வம் நிறைய, அனுபவம் கொஞ்சம். ஆகவே குரோன்ஃபெல்டை அழைத்தார்கள். 1930 ஜூன் மாதம் வீன் கிளைடரோடு வந்து சேர்ந்தார்.

இங்கிலாந்தின் தெற்குக் கரையோரம் சவுத் டவுன்ஸ் என்ற சுண்ணாம்புக் குன்றுகள் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கின்றன. உயரம் பல இடங்களில் 200, 250 மீட்டர்தான். தெற்கே கடலைப் பார்த்த பக்கம் மெல்லிய சரிவு. வடக்கே பார்த்த பக்கம் செங்குத்து. அதாவது, கடல் இருப்பது தெற்கில். கிளைடருக்கு வேண்டிய சரிவு இருப்பது வடக்கில். வடகாற்று அடித்தால் குன்று தூக்கிவிடும். தென்காற்று அடித்தால் அதே குன்று கீழே தள்ளும்.

கோடையில் கடலோரத்தில் இன்னொரு வம்பும் உண்டு. வெயில் ஏறஏறத் தரை சீக்கிரம் சூடாகும், கடல் சூடாகாது. மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே நுழையும். கரையில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சுகம், கிளைடர்க்காரனுக்குக் கஷ்டகாலம். குளிர்ந்த காற்று தரைமேல் பாய்போல் விரிந்தால் பஞ்சுமேகம் கரைந்துபோகும், மேலேறும் காற்றும் அடங்கிப்போகும். ஆகவே கடலோரத்தில் பறப்பவன் மலையையும் மேகத்தையும் காற்று திரும்புவதையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நியூஹேவன் துறைமுகத்துக்குப் பின்னால் இட்ஃபோர்டு குன்று. அங்கேயிருந்துதான் கிளம்பினார். கிளைடரைக் கிளப்புகிற விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். நம்ம ஊர் உண்டிவில்தான்! கிளைடரின் மூக்கில் ஒரு கொக்கி. அதில் தடித்த ரப்பர் கயிறு, V எழுத்து மாதிரி இரண்டு பக்கமும் பிரிந்து போகும். பக்கத்துக்கு நாலைந்து பேர் பிடித்துக்கொண்டு சரிவில் ஓடுவார்கள். பின்னால் சிலர் வாலைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கயிறு நன்றாக இழுபட்டதும் வாலை விடுவார்கள். விர்ரென்று காற்றில்! அதற்குப்பிறகு மேலே இருப்பவனும் காற்றும்தான்.

அங்கிருந்து மேற்கே போனால் குன்றுத்தொடரை ஆறுகள் அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகின்றன. ஊஸ், ஏடர், ஆரன் என்று மூன்று ஆறுகள். குன்று இருக்கும்வரை சாலையில் போகிற மாதிரி. ஆறு வந்தால் பாலம் இல்லை! கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மீட்டர் முன்னால் போனால் ஒரு மீட்டர் இறங்குகிற கிளைடர், இரண்டு கிலோமீட்டர் இடைவெளியைத் தாண்ட 100 மீட்டர் உயரத்தைச் செலவழிக்க வேண்டும். குன்றின் உயரமே 200 மீட்டர்தான். எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்போது உச்சிக்குக் கீழே போய்விட்டால் அங்கே தூக்கும் காற்று பலவீனம். ஏதாவது வயல்வெளியில் இறங்கிவிட வேண்டியதுதான். ஆகவே ஒவ்வொரு இடைவெளிக்கும் முன்னால் அவசரப்படாமல் நின்று உயரம் சேர்க்கவேண்டும். எப்போது காத்திருப்பது, எப்போது கிளம்புவது என்பதுதான் வித்தை.

குரோன்ஃபெல்ட் அந்த இடைவெளிகளையெல்லாம் தாண்டினார். போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு மேலே நிற்கும் போர்ட்ஸ்டவுன் குன்றுவரை போய் இறங்கினார். சுமார் 80 கிலோமீட்டர். அதுவரை குன்றிலிருந்து சறுக்கிக் கீழே இறங்கினாலே கை தட்டிக்கொண்டிருந்த இங்கிலாந்து இளைஞர்கள் வாயடைத்துப் போனார்கள். அந்த வருடம் அங்கே கிளப்புக்குமேல் கிளப்பாக முளைத்தது.

போக ஒரு தடவை, வர ஒரு தடவை

1909 இல் லூயி பிளேரியோ எஞ்சின் விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி டெய்லி மெயில் பத்திரிகையின் 1,000 பவுண்டு பரிசைப் பெற்றார். இது நாம் படித்த கதை. 22 வருடம் கழித்து அதே பத்திரிகை அதே 1,000 பவுண்டைக் கிளைடர்க்காரர்களுக்கு முன்னால் வைத்தது. ஆனால் இந்தத் தடவை போனால் மட்டும் போதாது, திரும்பியும் வரவேண்டும்.

1931 ஜூன் 20. பிரான்சுக் கரையில் செயின்ட் இங்கிள்வெர்ட் விமானத்தளம். எதிரே இங்கிலாந்தின் டோவர். நடுவில் கடல், ஒடுங்கிய இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர். முந்தின நாள்தான் லிசன்ட் பியர்ட்மோர் என்பவர் இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்கு ஒருவழியாகக் கிளைடரில் கடந்திருந்தார். ஆகவே கால்வாயைக் கடந்த முதல் கிளைடர்க்காரர் குரோன்ஃபெல்ட் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆனால் பந்தயம் போகவர.

இங்கே மலை இல்லை, பஞ்சுமேகத்தை நம்பவும் முடியாது. குளிர்ந்த கடலின்மேல் சூடான காற்று எழும்பாது. கையிருப்பு உயரம் மட்டும்தான் பெட்ரோல்! எஞ்சின் விமானம் ஒன்று கயிறு கட்டிக் கிளைடரை மேலே இழுத்துச் செல்லும். தேவையான உயரம் வந்ததும் கயிற்றைக் கழற்றிவிட வேண்டும். எவ்வளவு உயரம் வேண்டும்? 33 கிலோமீட்டரை 20 ஆல் வகுத்தால் 1,650 மீட்டர். பாஸ் மார்க் வாங்க இது போதும், உயிரோடு போய்ச்சேர இது போதாது. கிளைடரின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்று 20 கிலோமீட்டர். கடலைப் பொறுத்தவரை போகிற வேகம் 40 தான். இறங்குகிற வேகம் மட்டும் குறையாது. இப்போது வேண்டிய உயரம் சுமார் 2,500 மீட்டர்! லேசான காற்று 850 மீட்டரைச் சாப்பிட்டுவிட்டது. இதில் தப்பு வந்தால் இறங்க வயலும் இல்லை, தண்ணீர்தான்.

குரோன்ஃபெல்ட் கயிற்றைக் கழற்றிவிட்டு இங்கிலாந்து பக்கம் திரும்பினார். டோவருக்கு அருகில் இறங்கினார். அதோடு விழா கொண்டாடி, தூங்கி எழுந்து மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவில்லை. அதே நாளில் மறுபடி இழுத்துச் செல்லச் சொல்லி, மறுபடி கயிற்றைக் கழற்றி, மறுபடி கடலைத் தாண்டி, கிளம்பிய பிரான்சுக்கே வந்து இறங்கினார். 27 வயதில் 1,000 பவுண்டு. அவர் பெயர் பத்திரிகைகளில்.

மூடிய கதவு

வெற்றி மேல் வெற்றி. அடுத்து ஒரு ராட்சதக் கிளைடர். பெயர் ஆஸ்திரியா. இறக்கையின் நீளம் 30 மீட்டர்! நம்ம கிளாஸ் ரூமை நாலு வரிசையாக வைத்தால் வரும். 1932 ரோன் போட்டியில் ஒரு மேகத்துக்குள் நுழைந்தபோது அது தாங்கவில்லை. காற்றிலேயே உடைந்தது. குரோன்ஃபெல்ட் பாராசூட்டில் குதித்துத் தப்பினார். நீளம் கூட்டினால் லாபம் என்பது உண்மை. ஆனால் நீளம் கூடினால் வளைதிருப்புமையும் கூடும் என்பது அதைவிட உண்மை. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரை வெறுப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

உடைந்த இறக்கையைத் திரும்பக் கட்டலாம். அடுத்து உடைந்தது அப்படிக் கட்டக்கூடியது இல்லை.

1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்களுக்கு ஒவ்வொரு கதவாக மூடப்பட்டது. பறக்கும் கதவும் மூடப்பட்டது. எந்த மலையில் பறந்து பெயர் வாங்கினாரோ அந்த மலையில் இனி இடமில்லை. காற்று மேலே ஏறுவது யூதனுக்கு ஒரு மாதிரி, மற்றவனுக்கு ஒரு மாதிரியா? காற்றுக்குத் தெரியாத வித்தியாசம் சட்டத்துக்குத் தெரிந்தது. வேரியோமீட்டரை முதலில் மேகத்தடியில் கொண்டுபோன கைக்கு அங்கே கிளைடரைத் தொட உரிமையில்லை.

ஜெர்மனியை விட்டு வெளியேறினார். ஆஸ்திரியா போய், கடைசியில் இங்கிலாந்தில் குடியேறினார். தலைநகரின் பெயரையும் நாட்டின் பெயரையும் கிளைடர்களுக்கு வைத்து உலகம் முழுக்கச் சொன்னவருக்குக் கடைசியில் நாடே இல்லாமல் போனது. 1930 இல் விருந்தாளியாக வந்த அதே கரைக்கு இப்போது அகதி.

அங்கே சும்மா உட்காரவில்லை. குறைந்த சக்தி எஞ்சின் வைத்த சின்ன விமானங்கள் செய்த ஒரு கம்பெனியை ஏற்று நடத்தினார். டிரோன் என்பது அந்த விமானத்தின் பெயர். இன்று நாம் சொல்லும் ஆளில்லா டிரோன் இல்லை. ஆள் உட்கார்ந்து ஓட்டும் விமானம்! வியாபாரம் நிலைக்கவில்லை, கம்பெனி மூடப்பட்டது. சாதனையாளர் என்றால் தொட்டதெல்லாம் துலங்கும் என்று சினிமாவில்தான் காட்டுவார்கள்.

கடைசிச் சோதனை

1939 இல் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது. அதே வருடம் இரண்டாம் உலகப்போர். பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார். போர்வீரர்களை ஏற்றிச்செல்லும் பெரிய கிளைடர்கள் அப்போது உருவாகிக்கொண்டிருந்தன. அந்தத் துறையில் சோதனை ஓட்டியாக வேலை. ஸ்குவாட்ரன் லீடர் பதவி, ஏர் ஃபோர்ஸ் கிராஸ் விருது.

அவர் சோதித்தவற்றில் ஒன்று வேடிக்கையானது. போர் டாங்கிக்கு இறக்கை கட்டிப் பறக்கவிட்டால் என்ன என்று ஒருவருக்கு யோசனை! நிஜமாகச் செய்வதற்கு முன் மூன்றில் ஒரு பங்கு அளவில், வால் இல்லாத ஒரு சின்னக் கிளைடர் செய்தார்கள். வௌவால் என்று பெயர். 1943 இல் அதை ஓட்டிப் பார்த்தவர் குரோன்ஃபெல்ட்தான். கிளைடர் நன்றாகப் பறந்தது. டாங்கிதான் கடைசிவரை பறக்கவில்லை!

போர் முடிந்தது. வால் இல்லாத இறக்கை விமானம்தான் எதிர்காலம் என்று பல நாடுகளில் ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சிக்காகச் செய்த கிளைடர்களில் ஒன்று ஜி.ஏ.எல். 56. வால் இல்லாத விமானத்தில் மூக்கின் நிலையைச் சரிசெய்யும் நெம்புகோல் தூரம் குறைவு. வேகம் குறைந்து இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும்போது, அதாவது ஸ்டால் ஆகும்போது, அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும். தெரிந்துகொள்ள ஒரே வழி, ஒருவர் மேலே போய் வேண்டுமென்றே அதை ஸ்டால் ஆக்கிப் பார்ப்பது.

1948 பிப்ரவரி 12. ஹாம்ப்ஷயர் பகுதி வானம். சோதனையின் நடுவே கிளைடர் கட்டுப்பாட்டை இழந்தது. கூட இருந்த பார்வையாளர் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். குரோன்ஃபெல்ட் பிழைக்கவில்லை. வயது 43.

நமக்கு என்ன?

இதைப் படித்துவிட்டு நாமும் நாளைக்கே கிளைடர் ஓட்டப்போவதில்லை. ஆனால் நண்பர்களே, குரோன்ஃபெல்டின் வாழ்க்கையில் டிப்ளமோக்காரன் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அவரிடம் சக்தி இல்லை, எஞ்சினே இல்லை. இருந்தது அளவு. எவ்வளவு ஏறுகிறோம், எவ்வளவு இறங்குகிறோம், கையிருப்பு எவ்வளவு, இடைவெளி எவ்வளவு என்ற அளவு. தைரியசாலி என்று அவரைச் சொல்கிறார்கள். அந்தத் தைரியத்துக்குப் பின்னால் ஒரு தெர்மாஸ் பிளாஸ்க்கும் ஒரு வகுத்தல் கணக்கும் இருந்தன. லேபில் ரீடிங்கைப் பக்கத்து பெஞ்சில் பார்த்து எழுதுகிற நாம் (நான் உள்பட!) இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. கணக்கு சரியாக இருந்தும் கவிழ்த்துவிடும் காற்று உண்டு. ஒரு சட்டம் வந்து நாட்டையே பிடுங்கிக்கொள்ளும். கம்பெனி மூடும். அவர் என்ன செய்தார்? கிளைடர்க்காரன் எப்போதும் செய்வதைத்தான் செய்தார். தூக்கும் காற்று நின்றுபோனால் அழுது பிரயோசனமில்லை. இருக்கிற உயரத்தில் எட்டக்கூடிய நல்ல இடத்தைப் பார்த்து இறங்க வேண்டும். மறுபடி கயிறு கட்டி மறுபடி கிளம்ப வேண்டும்.

இன்று உலகில் பறக்கும் கிளைடர்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வேரியோமீட்டர் இருக்கிறது. பிளாஸ்க்குக்குப் பதில் எலெக்ட்ரானிக்ஸ் வந்துவிட்டது. முள்ளுக்குப் பதில் காதில் ஒலி கேட்கிறது. ஆனால் அது சொல்லும் செய்தி 1928 இல் அந்த இளைஞனுக்குச் சொன்னதேதான்.

நாளை மத்தியானம் ஒர்க்ஷாப் முடிந்து வரும்போது ஒரு நிமிடம் நின்று மேலே பாருங்கள். பருந்து வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். இப்போது அது என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.